பனிமலையில் மறைந்த பயிற்சி விமானம்

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, சான் புரூனோ என்னும் ஊரில், 'கோல்டன் கேற்' எனப் பெயர்பெற்ற அமெரிக்கத் தேசிய மயானம் ஒன்று உண்டு. போர்வீரரின் நினைவுக் கற்கள் அங்கே ஒன்றைப்போல ஒன்றாய் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒருவருக்கு ஒரு கல் என்பதே அங்கு பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் முறை. ஆனால், நால்வருடைய பெயர்களைத் தாங்கிய ஒரு கல்லும் அக்கூட்டத்தினிடையே இருக்கின்றது. நால்வரும் ஒரே நாளில், ஒரே விமானத்தில் மடிந்தவர்கள். அக்கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டவையோ மிகச் சொற்பம். இன்னாருடையவை எனப் பிரித்தறிய இயலாத சில எச்சங்களே. அந்நால்வரும் பகைவனைக் கண்டதில்லை, போர்முனையை அடைந்ததுமில்லை. பயிற்சிக்கெனப் புறப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவ்வளவே 1942 ஆம் ஆண்டில் அவர்களுடைய பெற்றோர் அறிந்த செய்தி.

அவர்கள் மறைந்த நாள் 1942 நவம்பர் 18. உலக மகாயுத்தத்தின் போக்கே மாறிக்கொண்டிருந்த வாரம் அது. அமெரிக்கப் படைகள் வட ஆபிரிக்காவிற் கரையிறங்கிப் பத்து நாட்களே கழிந்திருந்தன. பசிபிக் சமுத்திரத்தில், குவாடல்கனால் தீவையடுத்து நிகழ்ந்த பெருங் கடற்போர் ஓய்ந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. மறுநாட் காலையில் ஸ்ராலின்கிராட் நகரைச் சூழ்ந்து செஞ்சேனையின் எதிர்த்தாக்குதல் தொடங்கவிருந்தது. இத்தகைய பெருஞ் செய்திகளின் நடுவே, கலிபோர்னியாவில் ஒரு சிறு பயிற்சி விமானம் காணாமற்போன செய்திக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

அன்றியும், அத்தகைய செய்திகள் அரியனவாகவும் இருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், அமெரிக்கப் பெருநிலப்பரப்பிலேயே விமான விபத்துக்களில் மாண்ட அந்நாட்டுப் படைவிமானப் பகுதியினர் ஏறத்தாழ 15,000 பேர். பகைவனின் குண்டு ஒன்றும் எட்டாத இடங்களில், சொந்த நாட்டின் வயல்களிலும் மலைகளிலும் வீழ்ந்து மடிந்தவர்கள் இவர்கள். இதன் காரணத்தை அறிவது கடினமன்று. 1939 ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்க இராணுவ விமானப்படையில் இருந்தோர் 24,000 பேருக்கும் குறைவு. 1944 இல் அத்தொகை இருபத்து நான்கு இலட்சமாயிற்று. ஐந்தாண்டிற்குள் ஒரு படை நூறு மடங்காகப் பெருகுமாயின், நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்க வேண்டிவரும்; இன்று கற்கத் தொடங்கியவன் நாளை பறக்க வேண்டிவரும். அவசரத்திற்கு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்தியோரின் பெயர்கள் போர்க் கதைகளில் இடம்பெறுவது அரிது.

நால்வரும் புறப்பட்ட இடம் மெதர் விமானத்தளம். அது சக்கிரமெண்டோ நகரின் அருகில் உள்ளது. விமான வழிகணிப்போருக்குப் பயிற்சியளிக்கும் பெரும் பாடசாலை ஒன்று யுத்த காலத்தில் அங்கு நடைபெற்றது. அத்தளத்தின் பெயர் கவனிக்கத்தக்கது. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1918 ஜனவரியில், தெக்சாஸ் மாநிலத்திலே பயிற்சியின்போது இரு விமானங்கள் வானில் மோதின. அதில் உயிரிழந்த கார்ள் மெதர் என்னும் இளம் விமானியின் பெயரே அத்தளத்துக்கு இடப்பட்டது. பயிற்சியில் மாண்டவனின் பெயரைத் தாங்கிய தளத்திலிருந்தே, ஒரு தலைமுறை கழித்து, இந்நால்வரும் பயிற்சிக்குப் புறப்பட்டனர்.

விமானத்தைச் செலுத்தியவர் இரண்டாம் லெப்டினன்ட் வில்லியம் கேம்பர். ஓகையோ மாநிலத்தவர், வயது 23. அவருடன் சென்ற மூவரும் பயிலுநர்கள். ஏர்னெஸ்ட் கிளென் மன் என்பவரும் ஓகையோவைச் சேர்ந்தவர். அவருக்கும் வயது 23. ஐடகோ மாநிலத்தவரான ஜோன் மோர்ட்டென்சன் மூவரிலும் மூத்தவர், வயது 25. நால்வரிலும் இளையவர் லியோ முஸ்தொனென். பின்லாந்து தேசத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மினசோட்டா மாநிலத்தின் பிரெயினர்ட் என்னும் ஊரில் வளர்ந்தவர். அவருக்கு வயது 22.

அவர்கள் ஏறிச்சென்றது 'ஏ. ரி. 7' என்னும் வகை விமானம். பீச் கம்பெனியார் பிரயாணிகளுக்கென ஆக்கிய இரட்டை இயந்திர விமானமொன்றை வழிகணிப்புப் பயிற்சிக்கு ஏற்றவாறு மாற்றியமைத்திருந்தனர். மூன்று மாணவர் அமர மூன்று இருக்கைகள். ஒவ்வொருவருக்கும் வரைபடம் விரிக்க ஒரு சிறு மேசை. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து பார்க்கக் கூரையிலே கண்ணாடிக் குமிழ் ஒன்று. பறக்கும் வகுப்பறை என்றே அதனைச் சொல்லலாம்.

அவ்வகுப்பறையிற் கற்பிக்கப்பட்ட கலை, 'இப்பொழுது நாம் எங்கே இருக்கின்றோம்' என்னும் ஒரே கேள்விக்கு விடைகாண்பது. கேள்வி எளிது, விடை எளிதன்று. நிலத்திலே நடப்பவனுக்கு வழியோரத்து மரமும் சந்தியும் துணை செய்யும். முகிலின்மேற் செல்லும் விமானிக்கு அத்துணை இல்லை. திசைகாட்டி ஒரு திசையைக் காட்டும். வேகமானி ஒரு வேகத்தைக் காட்டும். கடிகாரம் கழிந்த நேரத்தைச் சொல்லும். இம்மூன்றையும் கொண்டு வரைபடத்தில் ஒரு கோடு கீறி, 'இங்கே இருக்கின்றோம்' என்று புள்ளி இடலாம். ஆயினும், விமானம் மிதந்து செல்வது காற்றிலே. காற்று முழுவதும் ஒரு திசையில் நகரும்போது, ஆற்றிலே படகு இழுபடுவதுபோல விமானமும் இழுபடும். அந்தக் காற்றின் வேகத்தையும் திசையையும் தவறாகக் கணித்தவன் இட்ட புள்ளி வெறும் புள்ளியே. திசையில் ஒரு பாகை பிழைத்தால், அறுபது மைல் சென்றதும் ஒரு மைல் விலகியிருக்கும் என்பது வழிகணிப்போர் மனப்பாடம் செய்யும் கணக்கு. பத்துப் பாகை பிழைத்தால் என்னாகும் என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

அன்று அவ்விமானத்தில் இருந்தது ஐந்து மணி நேரத்துக்குப் போதிய பெற்றோல். அந்நேரம் கழிந்தது, விமானம் வரவில்லை. தேடுதல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மாதம் தேடியும் ஒரு தடயமும் அகப்படாமையால் அது நிறுத்தப்பட்டது.

தேடியவர்களைக் குறைகூற முடியாது. விமானம் வீழ்ந்து கிடந்த இடம் மெதர் தளத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 170 மைல் தொலைவில், பயிற்சிக்கு வகுக்கப்பட்ட வழியினின்று வெகுவாக விலகியிருந்தது. அவ்விடம் சியரா நெவாடா மலைத்தொடரின் உச்சிப் பகுதி. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் 'பனி மூடிய மலைத்தொடர்' என்பது பொருள். ஏறத்தாழ 400 மைல் நீளமான இம்மலைத்தொடர் மேற்கே சிறிது சிறிதாக உயர்ந்து, கிழக்கே செங்குத்தாக இறங்குகின்றது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேல்காற்று அதன்மேல் ஏறி, மறுபுறத்தில் அருவிபோல விழும். அவ்வீழ்ச்சியில் அகப்பட்ட சிறு விமானத்தின் இயந்திரங்கள் முழு வலுவோடு முயன்றாலும் அதனை மேலெழுப்ப இயலாத வேளைகள் உண்டு. நவம்பர் மாதத்தில் அங்கு பனிமழை தொடங்கிவிடும். ஒரு புயல் கழிந்தால் விமானத்தின் சிதைவு வெள்ளைப் போர்வையின் கீழ் மறைந்துவிடும்.

இன்றைய கருவிகளும் அம்மலையிடம் தோற்றதுண்டு. 2007 செப்டெம்பரில், உலகைத் தனியே பறந்து சுற்றியவர் எனப் புகழ்பெற்ற ஸ்ரீவ் பொசெற் என்பவர் நெவாடாவிலிருந்து சிறு விமானத்திற் சென்று மறைந்தார். விமானங்களும் செய்மதிப் படங்களும் கொண்டு தேடினர். ஓராண்டு கழிந்து, 2008 இல், மலையேறச் சென்ற ஒருவரின் கண்ணில் அவருடைய அடையாள அட்டை பட்ட பின்னரே, இதே சியரா மலையில் விமானம் கண்டெடுக்கப்பட்டது. 1942 இல் தேடியோரிடம் இருந்தவையோ கண்களும் தொலைநோக்கிகளுமே.

விமானம் மோதிய சிகரத்துக்கு மெண்டல் என்று பெயர். உயரம் 13,700 அடிக்கு மேல். அதன் அயலிலுள்ள சிகரங்கள் டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ், ஸ்பென்சர் என்றெல்லாம் அழைக்கப்படுகின்றன. 1895 இல் அப்பகுதியை ஆராய்ந்த தியடோர் சொலமன்ஸ் என்பவர், உயிர்களின் கூர்ப்புப்பற்றி ஆராய்ந்த அறிஞர்களின் பெயர்களை அங்கே சூட்டினார். மெண்டலின் பெயரும் பிற்காலத்தில் அக்கூட்டத்தோடு சேர்ந்தது. பட்டாணிச் செடிகளைக்கொண்டு பரம்பரை விதிகளைக் கண்ட துறவி அவர். 1866 இல் அவர் வெளியிட்ட முடிவுகள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, அவர் இறந்தபின் 1900 இலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவர் பெயரைக் கொண்ட சிகரத்தின் வடபுறத்துப் பள்ளத்தில் ஒரு சிறு பனிக்கட்டியாறு உண்டு. அதுவே அந்நால்வரை ஏற்றுக்கொண்டது.

ஐந்தாண்டுகள் சென்றன. யுத்தம் முடிந்தது, உயிர்தப்பியோர் வீடு திரும்பினர். 1947 இல் மலையேறச் சென்ற சிலர் அப்பனியின்மேல் விமானமொன்றின் சிதைவுகள் கிடப்பதைக் கண்டனர். இராணுவத்தினர் அங்கு சென்று ஆராய்ந்து, அது 1942 இல் மறைந்த பயிற்சி விமானமே என உறுதிசெய்தனர். ஆனால், மனிதர் நால்வர் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே காணப்படவில்லை. கிடைத்த சிறு எச்சங்களே சான் புரூனோவில் நான்கு பெயர் பொறித்த கல்லின் கீழ் அடக்கம் பெற்றன. அரசாங்கத்தின் அளவில் விடயம் அத்துடன் முடிந்தது. குடும்பங்களின் அளவில் அது முடிந்திருக்குமா?

இவ்விடத்திலே, இதே மலையில் மறைந்த வேறொரு பயிற்சி விமானத்தின் கதையைச் சொல்லுதல் பொருந்தும். 1943 டிசெம்பர் 5 ஆந் திகதி இரவு, பிரெஸ்னோ நகரின் ஹமர் தளத்திலிருந்து 'பி. 24' வகைக் குண்டுவிமானம் ஒன்று ஆறு பேருடன் இரவுநேர வழிகணிப்புப் பயிற்சிக்குச் சென்றது. அதுவும் திரும்பவில்லை. மறுநாள் அதனைத் தேடிச் சென்ற அதேவகை விமானங்களில் ஒன்றும் மறைந்தது. அவ்விரண்டாம் விமானம் கடுங்காற்றில் அகப்பட்டுத் தத்தளித்தபோது இருவர் பரசூட் மூலம் குதித்து உயிர்தப்பினர். எஞ்சிய அறுவரோடு அது ஹன்ரிங்டன் ஏரியில் மூழ்கியது. பனி படர்ந்த வெளியென்று ஏரியின் பரப்பைப் பிறழ உணர்ந்து விமானி இறங்கினார் என்பர். 1955 இல் அணைக்கட்டைத் திருத்துவதற்காக ஏரியின் நீரை வெளியேற்றிய வேளையிலேயே விமானம் கண்ணுக்குத் தோன்றியது.

முதல் விமானத்தின் துணைவிமானி ரொபேர்ட் ஹெஸ்ரர். அவருடைய தந்தையார் கிளின்டன் ஹெஸ்ரர் அரசாங்கத்தின் தேடுதலோடு அமைதியடையவில்லை. பனி உருகி மலைவழிகள் திறக்குந்தோறும் அவர் சியராவுக்குச் சென்றார். பள்ளம் பள்ளமாக, சரிவு சரிவாக, பதினான்கு ஆண்டுகள் மகனைத் தேடினார். 1959 இல் அவர் காலமானார். 1960 ஆம் ஆண்டு கோடையில், மலைப்பாறைகளை ஆராயச் சென்ற புவிச்சரிதவியலார் பெயரற்ற ஒரு மலையேரியின் நீரில் அவ்விமானத்தைக் கண்டனர். இன்று அதற்கு ஹெஸ்ரர் ஏரி என்று பெயர். இன்னும் ஓராண்டு அத்தந்தை உயிரோடிருந்திருக்கலாகாதா என்று எண்ணாமல் இக்கதையைக் கேட்பது கடினம்.

மெண்டல் சிகரத்தின் பனி இன்னும் நீண்டகாலம் வாய்மூடியிருந்தது. பனிக்கட்டியாறு என்பது, மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் பனியை மாத்திரம் அறிந்த வெப்பநாட்டவர் எளிதில் மனத்திற் கொள்ளத்தக்க பொருளன்று. ஆண்டுதோறும் விழும் பனிமழை கோடையில் முற்றாக உருகாது எஞ்சுகின்றது. அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் ஏறி அழுத்துகின்றது. அழுத்தத்தினால் அடிப்பனி கட்டியாக இறுகி, தன் பாரத்தினாலேயே சரிவுவழியே மிக மெதுவாக நகருகின்றது. மேலே வீழ்ந்த பொருள் உள்ளே அமிழ்ந்து, பனியோடு கூடவே கீழிறங்கி, உருகுதல் மிகுந்த இடத்தில் ஒருநாள் வெளிப்படும். அதுகாறும் அதனுள்ளே அழுகல் இல்லை. காலம் என்பதும் ஏறக்குறைய இல்லை. சியராவின் பனிக்கட்டியாறுகளோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டன. ஆகவே, நெடுங்காலம் மறைத்துவைத்ததை அவை வெளிப்படுத்தத் தொடங்கின.

2005 ஒக்டோபரில், பனிச்சரிவில் ஏறச் சென்ற இருவர் மெண்டல் பனிக்கட்டியாற்றில் ஒரு மனித உருவத்தைக் கண்டனர். தலையும் தோளும் வெளியே தெரிய, உடலின் பெரும்பகுதி கட்டிப்பனிக்குள் உறைந்திருந்தது. உடலிலே யுத்தகாலத்துச் சீருடை. முதுகிலே விரியாத பரசூட். பூங்காக் காவலர் பனிப்பாறையோடு சேர்த்தே அவ்வுடலை வெட்டியெடுத்து, ஹெலிகொப்டர் மூலம் பிரெஸ்னோவுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து அது ஹவாய்த் தீவிலுள்ள இராணுவ ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. காணாமற்போன படையினரை அடையாளங் காண்பதே அக்கூடத்தின் பணி.

சட்டைப்பையிலே ஒரு சீப்பும் சில்லறைக் காசுகளும் இருந்தன. ஓர் இளைஞன் தன் பையில் வைத்திருப்பனவே. அதிசயமான பொருள் ஒன்றுமில்லை. அறுபத்து மூன்று ஆண்டுகள் பனிக்குள் கிடந்தமையே அவற்றை அதிசயமாக்கிற்று. விரியாத பரசூட்டோ வேறொரு செய்தியைச் சொன்னது. அதை அணிந்திருந்தவர் குதிக்கவில்லை. குதிக்க வேண்டுமென்று எண்ணுவதற்கும் அவகாசம் இருந்ததாகத் தோன்றவில்லை. மேகத்தினூடே சென்ற விமானத்தின் முன் மலை திடீரென எழுந்திருத்தல் வேண்டும் என்று கொள்வதே பொருத்தமாகும்.

நால்வரில் இவர் யார்? இவ்வினா எழுந்ததும் நால்வருடைய உறவினரில் எஞ்சியிருந்தோரும், 'எம்மவராயிருக்குமோ' என எதிர்பார்த்திருந்தனர். உடலமைப்பு, பற்கள், முடியின் நிறம், துருவேறிய பெயர்த்தகட்டில் அரைகுறையாகத் தெரிந்த எழுத்துக்கள் ஆகியன ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. 2006 இன் தொடக்கத்தில் விடை வெளிவந்தது. அவர் லியோ முஸ்தொனென், நால்வரில் இளையவர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், பிரெயினர்ட் ஊரில், பெற்றோரின் சமாதிகளுக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். மகன் வந்து சேர்ந்தபோது வரவேற்க அவர்கள் உயிரோடிருக்கவில்லை. ஊரார் திரண்டு வந்து அக்குறையை ஓரளவு நிரப்பினர்.

பீற்றர் ஸ்ரெக்கல் என்னும் எழுத்தாளர் இவ்விபத்தின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏட்டுப் பதிவுகளோடு நில்லாது, 2007 ஓகஸ்டில் அவரே மெண்டல் பனிக்கட்டியாற்றுக்கு ஏறிச் சென்றார். முஸ்தொனென் கிடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ நூறு அடி தொலைவில், பனி உருகி விலகிய இடத்தில், இரண்டாவது உடலை அவர் கண்டார். 1947, 2005, 2007 என மூன்று முறையும் இம்மலை தன் மறைபொருளை மலையில் நடந்து சென்றவருக்கே காட்டியது. தேடுவதற்கென்று பறந்த விமானங்களுக்குக் காட்டவில்லை.

2008 மார்ச்சில் அவ்வுடல் கிளென் மன் என்பவருடையது என உறுதியாயிற்று. இம்முறை வீட்டிலே வரவேற்க ஆட்கள் இருந்தனர். அவருடைய சகோதரிகள் மூவர், முதுமையின் எல்லையில் நின்றவர்கள், உயிரோடிருந்தனர். அண்ணன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட காலத்தில் அவர்கள் இளம் பெண்கள். அவ்வாண்டு மே மாதத்தில், ஓகையோவிலே, இராணுவ மரியாதையுடன் நிகழ்ந்த அடக்கத்தின்போது அவர்கள் எதிரே வைக்கப்பட்ட பேழையில் இருந்தவரோ இருபத்து மூன்று வயது வாலிபர். இறந்தவர் இளைஞராகவே இருக்க, அவரிலும் இளையோர் மூதாட்டிகளாகிவிட்டனர்.

போர்முனையிலன்றிப் பயிற்சியில் இறந்தவருக்கு இத்துணைச் சிறப்பு வேண்டுமோ என்று வினவுவாரும் உளர். அவ்வினாவுக்கு அந்நாட்டு இராணுவம் செயலால் விடை கொடுத்தது. பகைவர் நிலத்தில் மாண்டவரைத் தேடும் அதே ஆய்வுகூடம், அதே கவனத்தோடு, இப்பயிலுநர் இருவரின் பெயரையும் மீட்டுத் தந்தது. பெரும் விமானத்தொகுதிகள் சமுத்திரங்களைக் கடந்து இலக்கைத் தவறாது அடைந்தன என்று நூல்கள் புகழ்ந்து எழுதுகின்றன. அவ்விமானங்களுக்கு வழிகணித்தோர், மெதர் போன்ற தளங்களில், இதுபோன்ற விமானங்களில், இதுபோன்ற நாட்களிற் பறந்து கற்றவர்கள். கற்றவரையும் கற்கையில் மடிந்தவரையும் பிரித்தது பெரும்பாலும் அன்றைய காற்றும் முகிலுமே.

முஸ்தொனெனுக்கும் மன்னுக்கும் இப்பொழுது இரண்டு கற்கள் உள்ளன. ஒன்று சொந்த ஊரில், அவரவர் உடலின்மேல் நிற்கின்றது. மற்றது சான் புரூனோவில், நான்கு பெயரோடு நிற்கின்றது. விமானத்தைச் செலுத்திய கேம்பருக்கும், பயிலுநர் மோர்ட்டென்சனுக்கும் அத்தகைய ஊர்திரும்புதல் கிட்டவில்லை. மெண்டல் சிகரத்தின் வடபுறத்துப் பனி ஆண்டுதோறும் கோடையின் முடிவில் இன்னும் சிறிது குறைகின்றது. அப்பருவத்திலே அவ்வழியே ஏறுவோர், கற்களினிடையே கிடக்கும் அலுமினியத் துண்டுகளைக் கண்டால் நின்று பார்த்தே செல்கின்றனர்.